நண்பர் குடும்பம் மான் வேட்டைக்கு அழைக்கிறது, போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: "விஸ்கான்சினில் எச்1பி விசாவில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்பவரின் குடும்பம் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே காட்டுக்குள் இருக்கும் தங்கள் கேபினில் கூடி மான் வேட்டைக்குப் போகிறது. இந்த வருடம் என்னையும் என் 12 வயது மகனையும் அழைத்திருக்கிறார்கள். துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. சட்டப்படி போகலாமா? ஆபத்தில்லையா? அங்கே என்ன நடக்கும்? மானைக் கொல்ல மனசு வருமா என்பதும் தெரியவில்லை."

போங்கள். ஆனால் முதல் வருடம் துப்பாக்கி இல்லாமல் போங்கள். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சீசனை முழுக்கக் கண்ணால் பாருங்கள். நான் பல வருடங்களாக இங்கே ஒரு குடும்பத்தோடு போய்வருகிறேன். அங்கே புதிதாக வருகிற யாருக்கும் முதலில் சொல்லித் தருவது எப்படிச் சுடுவது என்பதை அல்ல, எப்போதெல்லாம் சுடக்கூடாது என்பதைத்தான். குடும்பமாகவும் நண்பர்களாகவும் போகிற வேட்டை அந்த ஒழுங்கின் மேல்தான் நிற்கிறது. சுற்றிலும் தெரிந்த முகங்கள் இருக்கும்போது கவனம் தளர்வதும் எளிது, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதும் எளிது. எது நடக்கும் என்பதை அந்தக் குழு முன்னாடியே பேசி வைத்திருப்பதுதான் தீர்மானிக்கிறது.

முதலில் விசா விஷயம், ஏனென்றால் இதில்தான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்1பி (வேலை), எஃப்1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். கடையில் வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் "வைத்திருப்பது" என்ற வரையறைக்குள் வந்துவிடலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. அதனால் வரிசை முக்கியம்: முதலில் உரிமம், அதற்கப்புறம்தான் துப்பாக்கி. கேபினில் யாராவது அன்பாக "இதைப் பிடிச்சுப் பாரு" என்று நீட்டினால், உரிமம் இல்லாத நிலையில் கைகூப்பி மறுத்துவிடுங்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். துப்பாக்கியைக் கையில் எடுக்கும் எண்ணம் வந்தால், அதற்கு முன்னால் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

உரிமம் வாங்க விஸ்கான்சினில் இரண்டு வழிகள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இன்னொன்று வழிகாட்டியோடு போகும் உரிமம். அதற்கு வகுப்புச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 18 வயதைத் தாண்டிய, தகுதியுள்ள ஒரு வழிகாட்டி உங்களுக்குக் கை எட்டும் தூரத்திலேயே இருந்தாக வேண்டும். 2017இல் இதற்கான குறைந்தபட்ச வயதையும் எடுத்துவிட்டார்கள். சட்டம் இடம் கொடுத்தாலும், வகுப்பை முடித்த பிறகு உரிமம் வாங்குவதே சரி என்பது என் கருத்து. பெரியவர்கள் இணையத்திலேயே முடிக்க வழி இருக்கிறது. அப்படியும், தன்னார்வலர்கள் நேரில் நடத்தும் வகுப்புக்குப் போவது நல்லது. வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கைமாற்றுவது, மூன்று பேர் வரிசையாக நடந்தால் யாருடைய குழல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் திரையில் பார்த்து மனதில் நிற்காது. உங்கள் மகனையும் கூட உட்கார வையுங்கள். சான்றிதழ் வாங்கினாலும் 12, 13 வயதில் அவன் தனியாக வேட்டையாட முடியாது, பெற்றோரோ அவர்கள் ஒப்புக்கொண்ட பெரியவரோ கூட இருக்க வேண்டும்.

இந்த வகுப்புகளைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1960களில் ஒவ்வொரு சீசனிலும் ஏராளமானவர்கள் இங்கே குண்டடி பட்டார்கள். 1967இல் வகுப்புகள் தொடங்கின, 1980இல் ஒளிர்கிற ஆரஞ்சு நிற உடை கட்டாயமானது. அதன் பிறகு விபத்துகள் மளமளவென்று குறைந்தன. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் காட்டுக்குள் போகிற மாநிலம் இது. அப்படியும் உயிர்ச்சேதமே இல்லாமல் சில சீசன்கள் முடிந்திருக்கின்றன.

ஆரஞ்சு உடையைப் பற்றிப் பலரும் கேட்பது, "மானுக்குத் தெரிந்துவிடாதா?" தெரியாது. மானின் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டு வகைதான். நமக்குப் பளீரென்று அடிக்கிற ஆரஞ்சு அதற்கு மங்கலான ஒரு நிறமாகத்தான் தெரியும். நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும், அதனால் நீல ஜீன்ஸைத் தவிருங்கள். இடுப்புக்கு மேலே போட்டிருக்கும் மேலுடையில் குறைந்தது பாதியாவது ஆரஞ்சாகவோ ஒளிர்கிற இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. தொப்பி போட்டால் அதற்கும் இதே கணக்கு. சும்மா பார்க்க வருகிறேன் என்றாலும் நீங்களும் மகனும் தலையிலிருந்து இடுப்பு வரை முழுக்க ஆரஞ்சில் இருங்கள். விறகு எடுக்க வெளியே போனாலும் அதைக் கழற்றாதீர்கள்.

சரி, அங்கே என்ன நடக்கும்? துப்பாக்கி சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை மாலையே எல்லோரும் கேபினுக்கு வந்துவிடுவார்கள். மூன்று தலைமுறை ஒரே அறையில் இருக்கும். அடுப்பைச் சுற்றிச் சீட்டாட்டம், பழைய கதைகள், சுவரில் அந்த நிலத்தின் வரைபடம். ஒவ்வொரு பரணுக்கும் (மானுக்காக உட்கார்ந்து காத்திருக்க மரத்தின் மேல் கட்டிய மேடை) ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் அதைக் கட்டியவர் பெயர். இந்த வெள்ளிக்கிழமை இரவை வெறும் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் எங்கே உட்காருவது, ஒவ்வொருவரும் எந்தத் திசையில் சுடலாம், எந்தப் பக்கம் எது வந்தாலும் சுடக்கூடாது, எத்தனை மணி வரை யாரும் இடத்தை விட்டு இறங்கக்கூடாது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் முடிவாகும். உங்கள் நண்பர் வீட்டில் இதைத் தெளிவாகப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். வரைபடத்தை விரித்துவைத்து ஒவ்வொருவரிடமும் திருப்பிச் சொல்லக் கேட்கிற குடும்பம் என்றால் நிம்மதியாகப் போகலாம். "காலையில பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்களோடு போனால், நீங்கள் கேபினிலேயே இருந்துகொள்ளுங்கள், மகனையும் அனுப்பாதீர்கள். குடிப்பதும் அப்படித்தான். துப்பாக்கிகளைத் துடைத்துப் பூட்டிவைத்த பிறகு ஒரு பியர் என்பது வேறு. காலையில் காட்டுக்குப் போகிறவர் நள்ளிரவு வரை குடிப்பது வேறு.

காலையில் விடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். சுட அனுமதியுள்ள நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தொடங்கும். அதற்குள் இடத்தில் உட்கார்ந்து அசையாமல் இருக்க வேண்டும். மான் அதிகம் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும்தான். அதன் காதும் கண்ணும் கூர்மையானவை, மூக்கு அவற்றையும் மிஞ்சியது. காற்று உங்களிடமிருந்து அது வரும் பக்கம் வீசினால், நீங்கள் அதைப் பார்க்கவே போவதில்லை. தூரத்தில் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும்தான் தெரியும். வெண்வால் மான் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அனுபவசாலிகள் அன்றைய காற்றைப் பார்த்துவிட்டுத்தான் எந்தப் பரண் என்று முடிவு செய்வார்கள். நவம்பர் மாதம் அவற்றின் இணைசேரும் பருவம் என்பதால் கிடாக்கள் பெண் மான்களைத் தேடி அலையும், வழக்கமான எச்சரிக்கையும் சற்றுக் குறைந்திருக்கும்.

குளிரைத்தான் புதியவர்கள் சரியாகக் கணிப்பதில்லை. பனியில் நடப்பது வேறு, உறைநிலைக்கும் கீழே நாலு மணி நேரம் அசையாமல் உட்காருவது வேறு. பருத்தி உடை வேண்டவே வேண்டாம். நடந்து போகும்போது வேர்த்து நனைந்தால் அது காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ போட்டு, கனமான மேல்கோட்டைக் கையில் எடுத்துப் போய் இடத்தில் உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். காலணி ஒரு சைஸ் பெரியதாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மகன் "குளிருது" என்று சொன்னவுடன் திரும்பிவிடுங்கள். முதல் நாளே பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வைத்தால் அவனுக்குக் காட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ஆபத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு இடங்களில்தான் உண்மையான ஆபத்து. ஒன்று, மரத்தின் மேலே உள்ள பரண். ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது நிறைய நடக்கிறது, துப்பாக்கியைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். தரையில் கால் வைத்திருக்கும்போதே பாதுகாப்புப் பட்டையை மாட்டி, மேலிருந்து தொங்கும் கயிற்றோடு இணைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஏற வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, நீங்கள் மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று விரட்டு வேட்டை. மதியத்துக்கு மேல் மான் படுத்திருக்கும் நேரத்தில், சிலர் புதர்க்காட்டுக்குள் வரிசையாக நடந்து மான்களைக் கிளப்ப, எதிர்முனையில் சிலர் காத்திருப்பார்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதில் ரொம்ப ஆசை, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்து செய்வது இது ஒன்றுதான். ஆனால் இதில் மான் ஓடுகிறது, ஆட்கள் நகர்கிறார்கள், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களே நிற்கிறார்கள். ஒரு ரைபிள் தோட்டா பல கிலோமீட்டர் போகக்கூடியது. மானுக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருந்து தோட்டாவை வாங்கிக்கொள்ளும் என்று உறுதியாகத் தெரியாமல் விசையில் விரலே போகக்கூடாது. பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணில் இறங்கிவிடும், விரட்டு வேட்டையில் அந்த வசதி கிடையாது. விரட்டுகிறவர்கள் துப்பாக்கி இல்லாமல் வருவது, காத்திருப்பவர்கள் தங்களைத் தாண்டிப் போன மானை மட்டும் சுடுவது என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட குழு என்றாலும் முதல் வருடம் இதில் சேராதீர்கள். இன்னொன்று, கையில் துப்பாக்கி இல்லாவிட்டாலும் மானை விரட்டிக் கொடுப்பது சட்டத்தின் பார்வையில் வேட்டையில் பங்கெடுப்பதுதான். உரிமம் இல்லாதவர் "சும்மா நடந்து வருகிறேன்" என்று அந்த வரிசையில் சேரக்கூடாது.

கூட்டு வேட்டை பற்றி ஒரு விதியையும் சொல்லிவிட வேண்டும். உரிமத்தோடு வரும் டேக், அதாவது மானை வீழ்த்துவதற்கான அனுமதி, ஒவ்வொன்றும் ஒரு மானுக்கானது, கொம்புள்ளதற்குத் தனி, கொம்பில்லாததற்கு மாவட்டவாரியாகத் தனி. பெரும்பாலான மாநிலங்களில் உங்கள் டேக்குக்கு நீங்களேதான் வேட்டையாட வேண்டும். விஸ்கான்சினில் துப்பாக்கி சீசனில் மட்டும், ஒரே குழுவில் இருப்பவர் மற்றொருவரின் டேக்குக்காக மானை வீழ்த்தலாம். ஆனால் அந்த நேரத்தில் இருவரும் கண்ணுக்கோ குரலுக்கோ எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வாக்கிடாக்கியிலோ செல்போனிலோ பேசிக்கொள்வது கணக்கில் வராது. கேபினில் அடுப்படியில் இருப்பவரின் டேக்கைப் பயன்படுத்துவது குற்றம். "உன் பேரில் ஒரு உரிமம் எடுத்து வை, நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீழ்த்திய மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்வதும் கட்டாயம், போனிலேயே முடித்துவிடலாம்.

சுடுவது என்று வரும்போது: மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலும் இதயமும் இருக்கும் இடத்தில் தோட்டா பட வேண்டும். நேருக்கு நேர் நிற்கும் மானையோ, ஓடும் மானையோ, பாதி புதருக்குள் இருப்பதையோ புதியவர்கள் சுடக்கூடாது. பெரிய கொம்போடு ஒன்று வந்து நின்றால் அனுபவசாலிகளுக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும். அந்த நேரத்தில் விரலை எடுத்துவிட்டு மானைப் போகவிட்ட ஒருவரை, நான் போகும் குழுவில் எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள். அவசரப்பட்டுக் காயப்படுத்தியவருக்கு அந்த மரியாதை கிடைக்காது.

சரியாகப் பட்டாலும் மான் பல சமயம் நின்ற இடத்திலேயே விழாது, கொஞ்ச தூரம் ஓடும். உடனே இறங்கிப் பின்னால் ஓடக்கூடாது. அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அப்புறம் அது நின்ற இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பக்கத்திலேயே விழுந்து கிடக்கும். கரும்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கலாம், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு ஏதாவது கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தொடக்கூடாது. துரத்தினால் அது எழுந்து எழுந்து பல மைல் போய்விடும், யாருக்கும் கிடைக்காமல் எங்கோ செத்துக் கிடக்கும். குடும்பமாகப் போவதன் அருமை எனக்குத் தெரிவது இங்கேதான். ஒருவர் கடைசி ரத்தத்துளி மேல் நின்றுகொள்ள, மற்றவர்கள் குனிந்து இலை இலையாகத் தேடுவார்கள். குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள், அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் மகனுக்கும் இங்கே ஒரு வேலை கிடைக்கும். கிடைக்கும்வரை யாரும் கேபினுக்குத் திரும்பாமல் இருப்பது எழுதப்படாத விதி.

கிடைத்த பிறகு அங்கேயே வயிற்றைத் திறந்து உள்ளுறுப்புகளை எடுக்க வேண்டும். இறைச்சி கெடுவது சூட்டால்தான், இதைச் சீக்கிரம் செய்தால்தான் உடல் குளிரும். இரைப்பையும் சிறுநீர்ப்பையும் கிழியாமல், தோலுக்கு அடியில் இரண்டு விரலை விட்டுக் கத்தியை மேல்நோக்கி வைத்துக் கீறுவார்கள். முதல் தடவை பார்க்கும்போது சூடும் வாடையும் முகத்தில் அடிக்கும். பையனைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், பார்க்காதே என்று தடுக்கவும் வேண்டாம். அவன் நெருங்கி வந்து நுரையீரல் எது, இதயம் எது என்று கேட்கக்கூடும். அசைபோடும் விலங்குக்கு இரைப்பை நான்கு அறை என்று பள்ளியில் படித்ததை நேரில் பார்ப்பான்.

இறைச்சியை அந்த வார இறுதியிலோ அடுத்த வாரமோ எல்லோரும் சேர்ந்து மேசையில் வைத்து வெட்டுவார்கள். யார் சுட்டாலும் சமமாகப் பங்கு போடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. நல்ல வழக்கம் என்பேன், எனக்குக் கிடைக்கவில்லையே என்ற அவசரம் யாருக்கும் வராது. உள்ளுறுப்பு நீக்கிய எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் எலும்பில்லாத இறைச்சி கிடைக்கும். காட்டு மான் இறைச்சியை விற்பது அமெரிக்காவில் சட்டவிரோதம், கொடுக்கலாம், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குத் தானம் செய்யலாம். உணவகங்களில் கிடைப்பது பண்ணை மான்.

உடல்நலம் சம்பந்தமாக இரண்டு விஷயங்களை உங்கள் நண்பரிடம் கட்டாயம் கேளுங்கள். முதலாவது சி.டபிள்யூ.டி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் நோய். மானின் மூளையைப் பாதிக்கும் இந்த நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, பிரியான் என்ற உருமாறிய புரதம். 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது, 2002இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனால் சமைக்கும் சூட்டில் பிரியான் அழியாது, நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. மானைப் பார்த்தால் நோய் தெரியாது. மாநில இயற்கை வளத் துறை வைத்திருக்கும் பெட்டிகளில் மானின் தலையை ஒப்படைத்தால் இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை அந்த மானின் பொட்டலங்களைத் தனியாகப் பெயர் எழுதி உறையவைத்துவிட்டுக் காத்திருங்கள். பல மான்களின் இறைச்சியை ஒன்றாக அரைத்துக் கலக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காதது இதனால்தான். மூளை, முதுகுத்தண்டு பக்கம் கத்தி போகாமல் எலும்பிலிருந்து சதையை எடுப்பது நல்லது.

இரண்டாவது, ஈயத் தோட்டா. அது மானின் உடலுக்குள் சிதறும், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து தூரம்வரை போயிருப்பது எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈயம் சிறிதளவும் நல்லதல்ல. முழுக்கச் செம்பினால் செய்த தோட்டாக்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் சிதறாது. அவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மகனுக்குக் கொடுங்கள்.

கொல்வது மனதுக்கு ஒப்புமா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு உதவும் என்று சில செய்திகளைச் சொல்கிறேன். 1900 வாக்கில் இந்த நாடு முழுவதும் வெண்வால் மான் ஐந்து லட்சம்கூட இருந்திருக்காது. சந்தையில் விற்பதற்காகக் கணக்கின்றிச் சுட்டுத் தள்ளியதும் காட்டை அழித்ததும் காரணம். அந்த 1900இலேயே வந்த லேசி சட்டம், சட்டவிரோதமாகப் பிடித்த விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், ரைபிள், தோட்டா மீதான 11 சதவீத வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. இன்று மான்கள் சுமார் மூன்று கோடி. ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லாத நிலையில், மான் அளவுக்கு மீறினால் இளம் மரக்கன்றுகளையும் காட்டுப்பூக்களையும் மொட்டையடித்துவிடுகிறது, அங்கே அடுத்த தலைமுறைக் காடு முளைப்பதில்லை. சாலைகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வாகனங்கள் மான் மீது மோதுகின்றன. இதைப் பற்றி முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர், அவரே வேட்டைக்காரர்.

இந்தக் கணக்கெல்லாம் வேட்டை ஏன் அனுமதிக்கப்படுகிறது என்பதை விளக்கும், உங்கள் கையால் ஒரு உயிரை எடுக்கலாமா என்ற கேள்வியைத் தீர்க்காது. அந்தக் குடும்பத்தில் யாராவது பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை வருடம் போனாலும் விழுந்த மானின் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுக்கு மேல் துப்பாக்கியைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, சமைக்கவும் விறகு வெட்டவும் மட்டும் வருகிறவர்களும் உண்டு. சுடாமலேயே அந்தக் கேபினில் உங்களுக்கு இடம் உண்டு என்று சொல்லத்தான் இது. இறைச்சி கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர் என்றால், அது எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு தடவை நேரில் பார்ப்பது நேர்மையான காரியம் என்பதும் என் எண்ணம்.

இதில் மனம் ஒன்றினால், சில வருடங்கள் கழித்து மேற்கே எல்க் (மான் இனத்தில் மிகப் பெரிய ஒன்று) வேட்டைக்குப் போகலாம் என்று அதே நண்பர்கள் பேச்செடுப்பார்கள். அது முற்றிலும் வேறு கணக்கு. ஆண் எல்க் 300 கிலோ இருக்கும், கொலராடோ போன்ற இடங்களில் அது திரிவது 2,500 மீட்டருக்கு மேலே. வாகனத்தை விட்டுப் பல மைல் தள்ளி விழுந்தால், நாலு துண்டாகப் பிரித்து முதுகில் சுமந்துதான் கொண்டுவர வேண்டும், பல நடை நடக்க வேண்டும். தனியாகப் போகிறவர் அந்த வெயிலில் இறைச்சி கெடுவதற்குள் முடிக்க மாட்டார், நண்பர்கள் இல்லாமல் ஆகாத காரியம். பல இடங்களில் அனுமதி குலுக்கல் முறையில்தான், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். விஸ்கான்சினிலும் 1995இல் மிச்சிகனிலிருந்து எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள், 2018இல் முதல்முறை மிகக் குறைந்த எண்ணிக்கையில் வேட்டைக்கு அனுமதித்தார்கள். கரடி வேட்டைக்குப் போகிறவர்கள் இறைச்சியை உள்வரை 71 டிகிரி செல்சியஸுக்குச் சமைக்க வேண்டும், அதில் டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். மானை வேகவைப்பது போல நடுவில் சிவப்பாக விடக்கூடாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: நண்பரிடம் "வருகிறோம், இந்த வருடம் துப்பாக்கி வேண்டாம், உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறோம்" என்று சீக்கிரமே சொல்லிவிடுங்கள். பரண் ஒதுக்குவது, இரண்டு பேர் உட்காரும்படி தரையில் கூடாரம் போடுவது எல்லாம் அக்டோபருக்குள் முடிந்துவிடும். பையனோடு போவதற்கு மரத்தின் மேல் உள்ள பரணைவிடத் தரைக் கூடாரம்தான் நல்லது, கொஞ்சம் அசைந்தாலும் வெளியே தெரியாது, கீழே விழும் பயமும் இல்லை. இருவருக்கும் காதுக்கான பாதுகாப்பு வாங்கிவிடுங்கள், கூடாரத்துக்குள் ரைபிள் சத்தம் காதைப் பழுதாக்கிவிடும். வகுப்பு இடங்கள் கோடை முடிவதற்குள் நிரம்பிவிடுவதால், அடுத்த வருடத்துக்கு வசந்த காலத்திலேயே பெயர் கொடுத்து வையுங்கள்.